மாடிக்கு எந்த ஓஸ், வாசலுக்கு எந்த ஓஸ்

கடையில் ஓஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான், சுருளை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பது. நானும் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரரும் "லைட் வெயிட் சார், பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து குழாயில் மாட்டி, தண்ணீரைத் திறந்து, நாலு தொட்டி தாண்டி இழுத்தபோதுதான் பஞ்சு மூட்டையோடு ஆற்றில் உட்கார்ந்த கழுதையின் கதை நினைவுக்கு வந்தது. கடையில் நாம் தூக்கிப் பார்ப்பது காய்ந்த ஓஸை. வீட்டில் இழுப்பது தண்ணீர் நிறைந்த ஓஸை.

இரண்டு ஆண்டில் நான்கு ஓஸ் வாங்கினேன். ஒன்று வெடித்தது, ஒன்று மாடிப்படிக்கு அடியில் தூங்குகிறது, மீதி இரண்டு இப்போதும் ஓடுகின்றன. எந்த ஓஸ் நல்லது என்ற கேள்விக்குப் பதில் பாதிக்கு மேல் வீட்டைப் பொறுத்தது என்பதால் முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். தரைத்தளம், முதல் மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. மொட்டைமாடியில் நாற்பது பைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை, ஒரு பழைய டிரம்மில் முருங்கை. கீழே வாசலில் செம்பருத்தியும் எலுமிச்சையும், கொல்லையில் இரண்டு தென்னை, அப்புறம் வாரம் ஒருமுறை கழுவ வேண்டிய ஒரு கார். தண்ணீர் ஊற்றுவது அம்மா. வயது அறுபத்தெட்டு, வலது தோள்பட்டை இறுகிப்போய் கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. பூவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், பத்து லிட்டர் பூவாளி என்றால் நிறைத்ததும் பத்து கிலோவுக்கு மேல், அதை ஆறு நடை தூக்க வேண்டும். அதை நிறுத்தத்தான் இந்த ஓஸ் வேட்டை.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம், இது தெரியாமல்தான் நான் முதல் தப்பைச் செய்தேன். அரை இஞ்சு ஓஸில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் சுமார் 125 மி.லி. தண்ணீர் நிற்கும். முக்கால் இஞ்சில் 285 மி.லி., ஒரு இஞ்சில் 500 மி.லி. விட்டம் இரண்டு மடங்கானால் உள்ளே நிற்கும் தண்ணீர் நான்கு மடங்கு ஆகிறது. 15 மீட்டர் ஓஸ் என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் மட்டும் அரை இஞ்சில் 1.9 கிலோ, முக்காலில் 4.3 கிலோ, ஒரு இஞ்சில் 7.6 கிலோ. இதோடு ஓஸின் சொந்த எடை. சுவர் 2 மி.மீ. தடிமன் உள்ள அரை இஞ்சு பி.வி.சி. ஓஸ் மீட்டருக்கு 110, 120 கிராம் வரும், இரண்டரை மி.மீ. சுவர் உள்ள முக்கால் இஞ்சு 200 கிராமுக்கு மேல் போகும். ஆக 15 மீட்டர் அரை இஞ்சு ஓஸ் தண்ணீரோடு மூன்றரை கிலோ சொச்சம், அதே நீளம் முக்கால் இஞ்சு ஏழரை கிலோ. கடைக்காரர் காட்டும் "சாதா", "லைட்" என்ற இரண்டு ஓஸ்களுக்கும் இடையே உள்ள எடை வித்தியாசம் பல நேரம் ஒரு கிலோகூட வராது. அளவை ஒரு படி குறைத்தால் நான்கு கிலோ குறைகிறது.

இந்த எடை முழுவதையும் யாரும் தூக்குவதில்லை என்பதும் உண்மைதான். கைக்கும் தரைக்கும் இடையே தொங்குகிற ஒன்றரை மீட்டரைத்தான் தூக்குகிறோம், அரை இஞ்சில் அது முந்நூற்றைம்பது கிராம் போல. மீதியை இழுக்கிறோம். தோள் வலி இழுப்பதில்தான் வருகிறது, அதுவும் மொட்டைமாடித் தளம் சொரசொரப்பாக இருந்து, நடுவே பைகளும் செங்கல்லும் இருந்தால் ஒவ்வொரு மூலையிலும் ஓஸ் மாட்டிக்கொள்ளும். அம்மா ஒரு வெடுக் கொடுப்பார்கள், ஒரு நாற்று சாயும்.

சரி, அப்படியென்றால் இருப்பதிலேயே மெல்லிய ஓஸை வாங்கிவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் வருகிறது. அது அழுத்தம்.

இணையத்தில் ஓஸ் பற்றி வருகிற மதிப்புரைகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தோட்டங்களை வைத்து எழுதியவை. அங்கே பல நாடுகளில் தெருக் குழாயிலிருந்தே 3, 4 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். நமக்கு அப்படியில்லை. லாரியிலோ போரிலோ வந்த தண்ணீரைச் சம்ப்பில் நிரப்பி, மோட்டார் போட்டு மேலே டேங்க்குக்கு ஏற்றி, அங்கிருந்து அது தானாக இறங்க வேண்டும். நீர்மட்டம் குழாயிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும், ஒரு மீட்டருக்கு 0.1 பார் என்பது கணக்கு. எங்கள் டேங்க் மொட்டைமாடியில் மூன்றடி மேடையில் நிற்கிறது, பாதித் தண்ணீர் இருக்கும்போது நீர்மட்டம் மாடிக் குழாயிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அதாவது 0.15 பார். அதே டேங்க்கிலிருந்து கீழே வாசல் குழாய்க்கு எட்டு மீட்டர், 0.8 பார். ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஐந்து மடங்கு வித்தியாசம். மாடிக்கும் வாசலுக்கும் ஒரே ஓஸை வாங்கலாம் என்று நினைத்தது என் இரண்டாவது தப்பு.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது மேஜிக் ஓஸ் பற்றித்தான், கையடக்கமாகச் சுருங்கி, தண்ணீர் திறந்ததும் மூன்று மடங்கு நீளும் அந்தத் துணி ஓஸ். அமெரிக்காவில் மைக்கேல் பெரார்டி என்பவர் இதற்கு 2012இல் காப்புரிமை வாங்கினார், அதற்குப் பிறகு உலகம் முழுக்க அதே மாதிரி நூறு பெயரில் வந்துவிட்டது. உள்ளே ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு குழாய், வெளியே தளர்வான பாலியெஸ்டர் துணி உறை. தண்ணீரின் அழுத்தம் உள்குழாயை ஊத வைக்கும், உறை அதை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். குழாயை மூடினால் தண்ணீரைத் தானே வெளியே தள்ளிவிட்டுச் சுருங்கும். எடையில் இதை மற்ற எதுவும் நெருங்க முடியாது, வேலை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டுவிடலாம். அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று உடனே வாங்கிவிட்டேன்.

மாடியில் மாட்டித் திறந்தேன். ஓஸ் அசையவே இல்லை. பதினைந்து மீட்டர் என்று போட்டிருந்தது, ஐந்து மீட்டரோடு சுருண்டு கிடந்து, முனையில் தண்ணீர் சொட்டியது. "ஏன்டா, இது இன்னும் தூங்கி எழுந்திரிக்கலையா?" என்றார்கள் அம்மா. பழுது ஒன்றும் இல்லை, அது நீள்வதற்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும், நான் கொடுத்தது 0.15. அத்தோடு இன்னொன்று, இந்த வகை ஓஸ் முனையில் அடைப்பு இருந்தால்தான் நீளும். முனையை முழுக்கத் திறந்துவிட்டால் உள்ளே அழுத்தம் விழுந்து மறுபடி சுருங்கும். ஆகவே செடிக்கு மெதுவாக நிறையத் தண்ணீர் விட இது ஏற்றதே இல்லை, பீய்ச்சி அடிப்பதற்கான ஓஸ் இது.

பிறகு கீழே கொண்டுவந்து, சம்ப்பிலிருந்து போகும் மோட்டார் லைனில் மாட்டினேன். அப்போது நன்றாகவே நீண்டது, ஒரு மாதம் கார் கழுவினேன். ஒருநாள் ஓஸ் முனையில் மாட்டியிருந்த, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை மூடிவிட்டு, குழாயை மூட மறந்து, போன் பேசப் போய்விட்டேன். சித்திரை வெயில். திரும்பி வந்தபோது துணி உறைக்குள் குழாய் வெடித்து வாசல் முழுக்க வெள்ளம். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் சொல்கிறேன், இந்த வகையில் உள்குழாய்தான் பலவீனம். வெயிலிலும் அழுத்தத்திலும் வைத்தால் தாங்காது, வெடித்தால் ஒட்டவும் முடியாது. தரையில் சிமென்ட் சொரசொரப்பு உறையைத் தேய்த்துவிடும். வீட்டில் பிரஷர் பம்ப் இருந்து, வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்து நிழலில் வைக்கிற பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பம்ப் இல்லாத மொட்டைமாடிக்கு இதை யார் பரிந்துரைத்தாலும் நம்பாதீர்கள்.

அடுத்தது ஸ்பிரிங் ஓஸ், தொலைபேசிக் கம்பி மாதிரி சுருண்டிருப்பது. பால்கனியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். உள்துளை பெரும்பாலும் முக்கால் விரல் பருமன்கூட இருக்காது, 8, 9 மி.மீ. அதனால் எடை குறைவு, அதே காரணத்தால் டேங்க் அழுத்தத்தில் தண்ணீர் நூலாகத்தான் வரும். பெட்டியில் போட்டிருக்கும் நீளத்துக்கு இழுத்தால் அது பின்னால் இழுக்கும், முழு நீளத்தில் முக்கால்வாசிதான் நிம்மதியாக எட்டும். அம்மா மாதிரி தோள் வலி உள்ளவர்களுக்கு இந்த எதிர் இழுப்பு, எடையைவிட மோசம். கையைவிட்டு நழுவினால் போகிற வழியில் இருக்கும் பூந்தொட்டியையும் சேர்த்துக்கொண்டு போகும். நான் வாங்கவில்லை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி ஒரு வாரம் பார்த்தேன், அது போதும்.

தட்டையாக மடியும் ஓஸ் உண்டு, வயலில் மோட்டாரிலிருந்து தண்ணீர் கொண்டுபோக நீலத்தில் உருட்டிக்கொண்டு போவார்களே, அது. காலியாக இருக்கும்போது ரிப்பன் மாதிரி இருக்கும், எடையும் இல்லை. வயலுக்கு நல்லது. வீட்டில் டேங்க் தண்ணீருக்கு அது உருண்டையாக விரியவே தயங்கும், ஒரு மூலை திரும்பினால் அங்கேயே மடிந்து தண்ணீர் நின்றுவிடும். தென்னைக்கு மோட்டார் போட்டு நேராக விட வேண்டுமென்றால் யோசிக்கலாம், மற்றபடி வேண்டாம். ஸ்டீல் ஓஸ் என்று ஒன்று விளம்பரத்தில் பளபளக்கிறது. மடியாது, நாய் கடித்தாலும் ஒன்றும் ஆகாது, எல்லாம் சரி, ஆனால் மே மாதம் பகல் முழுக்க வெயிலில் கிடந்த இரும்பைச் சாயங்காலம் யார் கையில் பிடிப்பது?

இனி நம் ஊர்க் கடைகளில் உண்மையில் கிடைக்கிறவற்றுக்கு வருவோம். முதலில் பச்சை நிறத்தில், கிலோ கணக்கிலோ கட்டுக் கணக்கிலோ விற்கிற சாதா ஓஸ், பல வீடுகளில் இதைத்தான் டியூப் என்பார்கள். உள்ளே நூல் கிடையாது, ஒரே அடுக்கு பி.வி.சி. விலை குறைவு, எடையும் குறைவு. புதிதில் வளைந்து கொடுக்கும், அதனால் கையில் எடுத்ததும் பிடித்துப்போகும். இரண்டு கோடை தாண்டினால் மென்மை போய்விடும். பி.வி.சி. இயல்பிலேயே கெட்டி, அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறும், அப்புறம் ஓஸ் விறைத்து, வளைக்கிற இடத்தில் கீறல் விடும். அதைவிடப் பெரிய தொல்லை மடிப்பு.

மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுலபமாகப் பயன்படுத்த முடிகிறதா இல்லையா என்பதை எடையைவிட இதுதான் முடிவு செய்கிறது. ஓஸின் சுவர் மெல்லியதாக இருந்து விட்டம் பெரிதாக இருந்தால் மடியும். வெயிலில் இளகினால் இன்னும் சீக்கிரம் மடியும். அழுத்தம் அதிகமுள்ள ஊரில் மடிப்பு விழுந்தாலும் தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு போய்விடும், நம் 0.15 பாருக்கு அந்தத் தெம்பு இல்லை. ஒரு சின்ன மடிப்பு, தண்ணீர் நின்றது. அம்மா ஓஸ் முனையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பத்து மீட்டர் நடந்து மடிப்பை எடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் இன்னொரு இடத்தில் மடிந்திருக்கும். ஒரு காலைக்கு எட்டு முறை. எடை குறைவு என்று மெல்லிய சுவர் ஓஸ் வாங்குகிறவர்கள் அந்த மிச்சமான ஒரு கிலோவுக்குக் கொடுக்கிற விலை இது. டேங்க் தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் அளவில் எடையைக் குறைக்க வேண்டும், சுவரில் குறைக்கக் கூடாது.

கண்ணாடி மாதிரித் தெரியும் ஓஸையும் இதோடு தள்ளிவிடலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதற்கு அது சரியான சரக்கு. தோட்டத்தில் வெளிச்சம் உள்ளே போய் ஒரே மாதத்தில் பாசி பிடிக்கும், பிறகு அது செதில் செதிலாக வந்து பூவாளி முனையை அடைக்கும்.

நூல் ஓஸ், கடைகளில் பிரெய்டட் ஓஸ் அல்லது நைலான் ஓஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு பி.வி.சி. அடுக்குகளுக்கு நடுவே பாலியெஸ்டர் நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போயிருக்கும். அழுத்தத்தில் ஊதாது, மோட்டார் லைனில் போட்டாலும் தாங்கும், சுவர் தடிமனாக இருப்பதால் மடிவது குறைவு. இதிலேயே கெட்டி, சாஃப்ட் என்று இரண்டு தினுசு இருக்கிறது. கெட்டியானது தொழிற்சாலைக்குப் போகிற சரக்கு, சுருளைப் பிரித்தாலும் சுருளாகவே நிற்கும், அதை நேராக்க ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். சாஃப்ட் கேளுங்கள். கடையில் தூக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு முழ நீளத்தை வளைத்து, சின்னத் தட்டு அளவுக்கு வட்டமாக்கிப் பாருங்கள், மடியாமல் வட்டமாகவே நின்றால் எடுத்துக்கொள்ளலாம். முகர்ந்தும் பாருங்கள், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்தது கடுமையாக நாறும், வெட்டிய முனையில் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும்.

கார் கழுவுகிறவர்கள் சொல்கிற ஃபோம் ஓஸ் ஒன்று உண்டு. சுவரின் நடுவே நுரை மாதிரிக் காற்றுக் குமிழ் உள்ள அடுக்கு, அதனால் பார்க்கப் பருமனாகவும் தூக்கினால் லேசாகவும் இருக்கும், கைக்கும் மெத்தென்று இருக்கும். எனக்கு இது பிடித்தது. கீழே வாசலுக்கு இதில் முக்கால் இஞ்சுதான் இப்போது ஓடுகிறது. ஆனால் பருமன் அதிகம் என்பதால் சுருட்டினால் இடம் அடைக்கும், கூர்மையான மூலையில் இழுத்தால் மேல்தோல் கிழியும்.

ஆக, மாடிக்கு நூல் ஓஸ் என்று முடிவு. அளவு? இங்கேதான் வீட்டில் வாக்குவாதம். முக்கால் வாங்கினால்தான் தண்ணீர் வரும் என்றார் பிளம்பர், குழாய்க் கணக்குப்படி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதே அழுத்தத்தில் முக்கால் இஞ்சு ஓஸ் அரை இஞ்சைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைய விட வேண்டும். ஆனால் மாடிக் குழாயே அரை இஞ்சு, அதன் வாய் அதற்கு மேல் கொடுக்காது. வாளி வைத்துப் பார்த்துவிடலாம் என்று இரண்டிலும் 15 மீட்டர் மாட்டி, பத்து லிட்டர் வாளியை நிரப்பினேன். அரை இஞ்சில் 1 நிமிடம் 40 விநாடி. முக்காலில் 50 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 6 லிட்டர், 12 லிட்டர்.

பிளம்பர் ஜெயித்த மாதிரிதான் தோன்றும். ஆனால் எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கோடையில் ஒரு பைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் நாற்பது பைக்கு 60 லிட்டர். அரை இஞ்சில் பத்து நிமிடம், பைக்குப் பதினைந்து விநாடி. அம்மா ஒவ்வொரு செடியிடமும் நின்று, பூச்சி பார்த்து, பழுத்த இலையைக் கிள்ளிப் போடுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிறது. மேலும் பைகளில் இருப்பது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு, வேகமாக விட்டால் மேல் பக்கமே குழி விழுந்து, கழிவு வழிந்து வெளியே வந்துவிடும், வேருக்குப் போக வேண்டிய தண்ணீர் பையின் ஓரமாக ஓடி அடித்துளையில் இறங்கும். மெதுவாக வருவதுதான் இங்கே நல்லது. ஏழரை கிலோவை இழுத்து ஐந்து நிமிடம் மிச்சப்படுத்துவதா, மூன்றரை கிலோவை இழுத்துப் பத்து நிமிடம் நிற்பதா என்றால், தோளுக்குப் பதில் தெரியும். அரை இஞ்சு வாங்கினோம். மாடியில் மாட்டிப் பார்த்த அந்த முக்கால் இஞ்சுதான் படிக்கு அடியில் தூங்குவது.

இன்னொன்று பிறகுதான் உறைத்தது. எடையைக் குறைக்க இருப்பதிலேயே சுலபமான வழி ஓஸை வெட்டுவது. முப்பது மீட்டர் கட்டு வாங்கினால் மலிவு என்று வாங்கி, எட்டு மீட்டர் மாடிக்கு முப்பதையும் மாட்டி வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ. நீளம் இரட்டிப்பானால் எடை இரட்டிப்பு, டேங்க் அழுத்தத்தில் வருகிற தண்ணீரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நாங்கள் பிளம்பரையே மறுபடி கூப்பிட்டு, கைப்பிடிச்சுவரை ஒட்டி ஒரு இஞ்சு பி.வி.சி. குழாய் ஓட்டி, மாடியின் மறுமூலையில் இன்னொரு குழாய் வைத்தோம். இப்போது இரண்டு மூலையிலும் ஏழு ஏழு மீட்டர் ஓஸ் தனித்தனியாக. தண்ணீரோடு ஒவ்வொன்றும் 1.7 கிலோ. தண்ணீரும் முன்பைவிட வேகமாக வருகிறது. இதற்கு ஆன செலவு நான் வீணாக வாங்கிய இரண்டு ஓஸ்களைவிடக் குறைவு, அதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

மூட்டு விஷயம். ஓஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழாயில் மாட்டுகிற இடம் சரியில்லை என்றால் அது நழுவிப் பாதித் தண்ணீர் அங்கேயே போகும். கட்டுக்கம்பி போட்டு முறுக்குவது நம் வழக்கம், கொஞ்ச நாளில் கம்பி துருப்பிடித்து ஓஸையே அறுத்துவிடும். ஸ்டீல் கிளிப் நாலு காசுதான், அதைப் போடுங்கள். புது ஓஸ் நிப்பிளில் ஏறவில்லை என்றால் முனையை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்தால் இளகி ஏறும், ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓஸை அடிக்கடி கழற்றி மாட்டுவதென்றால் டக்கென்று மாட்டுகிற கனெக்டர் வாங்கலாம், ஜெர்மனியின் கார்டெனா 1968இல் கொண்டுவந்த அந்த முறைதான் இப்போது எல்லாக் கம்பெனிகளிலும் வருகிறது. விரல் பிடிப்பு இல்லாதவர்களுக்குக் கிளிப்பும் ஸ்குரூ டிரைவருமாக மல்லாடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வாங்கும் முன் உங்கள் குழாயின் வாயைப் பாருங்கள், மரை இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்று. அமெரிக்க அளவில் வருகிற ஓஸ்களின் மரை வேறு, நம் அரை இஞ்சுக் குழாயில் அது நேராக ஏறாது, இடையில் ஒரு அடாப்டர் வேண்டும்.

முனைக்குத் துப்பாக்கி மாட்ட ஆசை வரும். ஏழு விதமாகப் பீய்ச்சும் என்று படம் போட்டிருப்பார்கள். டேங்க் தண்ணீரில் ஏழும் ஒரே மாதிரி ஒழுகும். அத்தோடு விசையை அழுத்திப் பிடித்தபடி பத்து நிமிடம் நிற்பது விரலுக்கு வலி. மாடிக்குப் பெரிய துளைகள் உள்ள பூவாளி முனையோ, அல்லது முனையில் ஒரு சின்ன பால் வால்வோ போதும், ஒரு செடியிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது திருகி மூடிக்கொள்ளலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பூவாளி முனையின் துளைகளில் வெள்ளையாகப் படியும், மாதம் ஒருமுறை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊற வைத்துத் தேய்த்தால் போய்விடும். துப்பாக்கி கீழே கார் கழுவத்தான் லாயக்கு, அதுவும் வேலை முடிந்தால் முதலில் குழாயை மூடி, பிறகு விசையை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை விடுங்கள். என் வாசல் வெள்ளம் ஞாபகம் இருக்கட்டும்.

வைப்பதற்கும் ஒரு வழி செய்துகொள்ளுங்கள். ஆணியில் மாட்டினால் அந்த ஒரு இடத்தில் நிரந்தரமாக மடிப்பு விழும். பழைய சைக்கிள் ரிம் ஒன்றைச் சுவரில் அடித்துச் சுற்றி வைத்திருக்கிறோம், இடுப்பு உயரத்தில், அம்மா கையைத் தூக்க வேண்டாம் என்பதற்காக. பைகள் வரிசை திரும்புகிற மூலையில் இரண்டு செங்கல்லை நிறுத்தி வைத்தால் ஓஸ் அதில் உரசித் திரும்பும், நாற்றைச் சாய்க்காது. சுற்றி வைக்கும் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள், பாதி எடை அப்போதே போய்விடும். வடிக்க மறந்து ஓஸ் வெயிலில் கிடந்திருந்தால், அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது வெந்நீர், கையும் சுடும் செடியும் வாடும், அதை ஒரு வாளியில் பிடித்து வைத்து ஆறிய பிறகு ஊற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு எது என்று பார்க்க வேண்டுமென்றால், கடைக்குப் போகும் முன் இரண்டு அளவு எடுத்துக்கொண்டு போங்கள். குழாயிலிருந்து கடைசிச் செடிவரை எத்தனை மீட்டர், ஓஸ் இல்லாமல் வெறும் குழாயில் பத்து லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது. முப்பது விநாடிக்குள் நிரம்பினால் அரை இஞ்சு தாராளம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் எந்த ஓஸும் அதைச் சரிசெய்யாது, முதலில் குழாயில் அடைப்பு இருக்கிறதா, டேங்க் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தரைத்தளத்தில் பெரிய தோட்டம், தென்னை, வாழை என்று இருந்தால் முக்கால் இஞ்சு ஃபோமோ நூலோ வாங்குங்கள், மரத்தடியில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதற்கு எடை ஒரு பொருட்டே இல்லை. மாடி என்றால் கடையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அரை இஞ்சு, நூல் போட்டது, சாஃப்ட், உள்ளே வெளிச்சம் போகாத நிறம், அளந்து வந்த மீட்டரோடு ஒரு மீட்டர் கூட, இரண்டு ஸ்டீல் கிளிப். முப்பது மீட்டர் கட்டாகத்தான் தருவேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.